பனியில் வெறுங்கால்

டோக்கியோவின் ஷிபா பகுதியில் ஸோஜோஜி என்றொரு பௌத்தக் கோயில் இருக்கிறது. டோகுகவா ஆட்சியாளர்களின் குலக்கோயில். அவர்களில் ஆறு பேரின் சமாதி அங்கேதான். அதன் முன்வாயில் 1622-இல் எழுப்பப்பட்டது. செவ்வண்ணம் பூசிய இரண்டடுக்கு மர வாயில். நகரத்தைத் தின்ற தீக்களுக்கும், 1923 நிலநடுக்கத்துக்கும், 1945 குண்டுவீச்சுக்கும் தப்பி இன்றும் நிற்கிறது. 1925-இல் கவாசே ஹசுய் என்ற ஓவியர் இந்த வாயிலை மர அச்சுப் படமாக்கினார். சாய்ந்து விழும் பனி. கிளை வளைய வெண்மையைச் சுமக்கும் பைன் மரம். வாயிலுக்கு முன்னால் கிமோனோ அணிந்த ஒரு பெண், குடையைக் காற்றுக்கு எதிராகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முகம் தெரிவதில்லை. ஹசுயின் படங்களில் மிக அதிகமாக விற்றவற்றுள் இதுவும் ஒன்று.

அந்த வாயிலின் பெயர் மூன்று விடுதலைகளைக் குறிக்கிறது. அதன் வழியாக உள்ளே போகிறவர் மனத்தின் மூன்று நஞ்சுகளிலிருந்து விடுபடுவார் என்பது நம்பிக்கை: காமம், வெகுளி, மயக்கம். மணிமேகலை படித்தவர்களுக்கு இந்த மூன்றையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; பௌத்தம் போன ஊருக்கெல்லாம் கூடவே போன பட்டியல் அது. படத்துப் பெண்ணோ உள்ளே நுழைவதாகத் தெரியவில்லை. தன்பாட்டுக்குத் தெருவோடு போகிறாள். பார்ப்பவர் கண்ணும் வாயிலைத் தொட்டுவிட்டு அவளிடமே திரும்புகிறது.

ஆசையை விடச் சொல்லும் வாயிலைப் பின்னால் நிறுத்தி, முன்னால் ஓர் அழகியை நடக்கவிட்டு, அதை விலை கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளச் செய்வது விஷமமா, வெகுளித்தனமா? ஹசுய்க்கு அப்படியெல்லாம் நோக்கம் இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜப்பானிய அச்சு ஓவியர்கள் பனியில் அழகிகளை நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால், பழைய வழக்கு ஒன்று ஓயாமல் விசாரிக்கப்படுவது தெரியும். அழகு மனிதனைப் பிறவியில் கட்டிப்போடும் கயிறா, கரையேற்றும் படகா?

இந்த வழக்கில் முதலில் அழைக்க வேண்டிய சாட்சி சுசுகி ஹருனோபு. எடோ என்று அப்போது பெயர் பெற்ற டோக்கியோவில் 1765-ஆம் ஆண்டையொட்டிப் பல வண்ண அச்சு பிறந்தபோது அதன் முன்வரிசையில் நின்றவர். அந்த அச்சு பிறந்த காரணம் சுவையானது. நாட்காட்டி வெளியிடும் உரிமை அரசின் அனுமதி பெற்ற சிலருக்கு மட்டுமே இருந்தது. எந்த மாதத்துக்கு முப்பது நாள், எதற்கு இருபத்தொன்பது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். வசதி படைத்த கவிதை ரசிகர்கள் அந்த மாத எண்களை ஓர் அழகியின் இடைக்கச்சைப் பூவேலைக்குள் ஒளித்துவைத்துப் படம் அச்சிட்டுப் புத்தாண்டுக்குத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். யாருடைய படம் அழகு என்ற போட்டியில் வண்ணங்கள் கூடின. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி மரப்பலகை செதுக்கப்பட்டது. ஹருனோபு 1770-இல் இறந்துபோனார். வண்ணத்தில் வேலை செய்தது ஐந்தாறு ஆண்டுகள்தாம். அதற்குள் நூற்றுக்கணக்கான படங்கள்.

அவற்றுள் ஒன்றில் ஆணும் பெண்ணும் ஒரே குடைக்குள் பனியில் நடக்கிறார்கள். அவன் கறுப்பு உடையில், அவள் வெள்ளையில். காக்கையும் கொக்கும் என்ற துணைப்பெயர் அதனால்தான் வந்தது. நல்ல பிரதி ஒன்றை நேரில் பார்க்கக் கிடைத்தவர் எதிரே நின்று பார்த்தால் போதாது. சற்றுப் பக்கவாட்டிலிருந்து, வெளிச்சம் தாளின் மேல் சாய்ந்து விழும்படி பார்க்க வேண்டும். அவளுடைய வெள்ளாடையில் நெசவு வடிவங்கள் அப்போதுதான் மேலெழும். அங்கே மை கிடையாது. செதுக்கிய பலகையில் நிறம் எதுவும் தடவாமல், ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்து, மேடு பள்ளமாக மட்டும் பதித்திருக்கிறார்கள். பனியும் ஏறத்தாழ அப்படியே. முசுக்கட்டை இனத்து மரப்பட்டையிலிருந்து செய்த கனத்த தாளின் சொந்த வெண்மைதான் பனி. படத்தில் மிகக் குளிர்ச்சியான இடம் அச்சுக்காரர் எதையும் பூசாமல் விட்ட இடம்.

இதைப் பார்த்ததும் சூனியம், வெறுமை என்று பேசத் தொடங்குவது எளிது. ஜப்பானியக் கலையைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அந்த வழுக்குப் பாதையில்தான் போவார்கள். மையில்லாமல் பதிப்பது தனித் திறமை வேண்டும் வேலை என்பதையும், செலவு பார்க்காத ரசிகர்கள் கேட்டதால் அது வளர்ந்தது என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது. தத்துவம் படத்தில் இருக்கிறது. ஆனால் வெற்றுத்தாளில் இல்லை. அந்த இருவரும் எங்கே போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

எடோ நகரத்து ரசிகருக்கு அது விளங்க அதிக நேரம் ஆகியிருக்காது. ஒரு குடை, இரண்டு காதலர், ஆளில்லாப் பாதை என்றால் பொம்மலாட்டத்திலும் கபுகி மேடையிலும் பார்த்துப் பழகிய காட்சி: சேர்ந்து வாழ வழியில்லாதவர்கள் சேர்ந்து சாகப் போகும் கடைசிப் பயணம். சிகமத்சு மொன்சாயெமோன் 1703-இல் ஒசாகாவில் நடந்த உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதிய சோனெசாகி நாடகம் இந்த வகையைத் தொடங்கிவைத்தது. கடைச் சிப்பந்தி ஒருவன், அவன் காதலித்த கணிகை ஒருத்தி. பார்த்தவர்கள் அழுததோடு நிற்கவில்லை. அதே வழியில் போனவர்களும் உண்டு. நிலைமை முற்றி, 1723-இல் இத்தகைய நாடகங்களை அரசு தடை செய்தது. இறந்தவர்களுக்கு ஈமச் சடங்கு மறுக்கப்பட்டது. இருவரும் பிழைத்துக்கொண்டால் நிஹோன்பாஷி பாலத்தருகே மூன்று நாள் பார்வைக்கு உட்கார வைத்து, பிறகு சாதியிழந்தவர்களாகத் தள்ளிவிடுவார்கள்.

அரசுக்கு இது ஒழுங்குப் பிரச்சினை. சமயத்துக்கு இது பெரிய தலைவலி. மேற்கே அமிதாப புத்தரின் தூய நிலத்தில் ஒரே தாமரையில் இருவரும் மறுபிறப்பு எடுப்போம் என்பதுதான் அந்தக் காதலர்களின் நம்பிக்கை. பற்றை அறுத்தவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட தாமரை மீது பற்றையே மூட்டை கட்டிக்கொண்டு ஏறப் பார்க்கிறார்கள்! ஆசையால் பிறவி, பற்றின்மையால் விடுதலை என்ற பௌத்தக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது? ஹருனோபு பதில் சொல்வதில்லை. இருவர் முகத்திலும் துயரம் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. நாளைக்கும் இதே தெருவில் நடப்பவர்கள் மாதிரி நடக்கிறார்கள்.

பதில் சொன்னது மேடை. அதுவும் கடுமையாக. 1762-இல் எடோவின் இச்சிமுரா அரங்கில் 'கொக்குப் பெண்' என்ற நடனத்தை இரண்டாம் செகவா கிகுனோஜோ ஆடினார். பனி கொட்டும் ஏரிக்கரையில் வெள்ளைக் கிமோனோ, குடை, தனியாக ஒரு மணப்பெண். அவள் கொக்கின் ஆவி. காதலை நினைத்து ஏங்குகிறாள். நடுவில் குமரிப்பெண்ணாகி விளையாடுகிறாள். கடைசியில் பற்றை விடாத குற்றத்துக்காக நரகத்து வாள்களும் அரக்கர்களும் அவளை வதைக்கிறார்கள். அவள் செய்த பாவம் யாரையும் கொன்றதல்ல, ஏமாற்றியதல்ல. விரும்பினாள், அவ்வளவுதான். ஓவியர்கள் இந்தக் கோலத்தை ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பெரும்பாலும் குடையும் பனியும் வெள்ளாடையுமான தொடக்கத்தைத்தான். நரகத்தை வாங்கி மாட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. எடோவே மயங்கிய இந்தப் பனி அழகி ஓர் ஆண். கபுகி மேடையில் பெண்களுக்கு 1629 முதலே தடை. இன்னொன்று: கொக்கு பனியில் துவண்டு விழுந்து உயிர்விடும் முடிவு பிற்காலத்தது. 1922-இல் அன்னா பாவ்லோவா ஜப்பானுக்கு வந்து ஆடிய 'சாகும் அன்னம்' நடனத்தின் பாதிப்பு அது என்பார்கள். ரஷ்யப் பறவை வந்துதான் ஜப்பானியப் பறவைக்கு நரகத்திலிருந்து கொஞ்சம் விடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

ஹருனோபுவிடம் இன்னொரு வகைப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் வழக்கு தலைகீழாகிறது. பழைய நோ நாடகம் ஒன்றில், பனி இரவில் வறிய சாமுராய் வீட்டுக்கு வழிப்போக்கத் துறவி ஒருவர் வருகிறார். அடுப்பெரிக்க விறகில்லை. சாமுராய் தான் உயிராக வளர்த்த மூன்று தொட்டி மரங்களை, பிளம், செர்ரி, பைன் மூன்றையும் வெட்டித் தீ மூட்டி விருந்தினரைக் குளிர்காய வைக்கிறார். வந்தவர் துறவு பூண்ட முன்னாள் ஆட்சியாளர் ஹோஜோ டோகியோரி. ஹருனோபு இதை வரைந்தார். ஆனால் சாமுராயை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் இளம்பெண்ணை நிறுத்தினார். பனி மூடிய தொட்டிச் செடியின் முன்னால், வெட்டத் தயாராக. இன்னொரு படத்தில், நோயாளித் தாய் கேட்டாள் என்று நடுக்குளிரில் மூங்கில் குருத்தைத் தோண்டிய சீனத்துப் பிள்ளைக்குப் பதிலாக ஓர் அழகி மண்வெட்டியோடு பனியில் நிற்கிறாள்.

போதிதருமரையும் விடவில்லை. தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்று சீன மரபு சொல்லும், காஞ்சிபுரத்தோடு தமிழர்கள் சேர்த்துப் பேசும் அதே போதிதருமர். சென் மரபின் மிகப் பெரிய பனிக்காட்சியும் அவர் கதையில்தான் வருகிறது. குகைக்கு வெளியே பனியில் நின்று காத்திருந்த சீடன், தன் உறுதியைக் காட்ட முன்கையை வெட்டி நீட்டினான். செஷூ என்ற துறவி ஓவியர் 1496-இல் இதை வரைந்தார். இந்த ஆசானைத்தான் ஹருனோபு இளம்பெண்ணாக்கி, ஒற்றை நாணலின் மேல் நீரைக் கடக்க வைத்தார். எடோவின் கணிகையர் பகுதியான யோஷிவாராவில் இதற்கு ஒரு கதையே உண்டு. போதிதருமர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்ட கணிகை ஒருத்தி, நாங்கள் பத்து ஆண்டு இரவும் பகலும் உட்காருகிறோமே, எங்கள் ஞானம் எங்கே போகும் என்ற பொருளில் சிரித்தாளாம். அங்கே விற்கப்பட்ட பெண்ணின் ஒப்பந்தக் காலம் வழக்கமாகப் பத்து ஆண்டு.

நையாண்டி என்று இதைத் தள்ளிவிடலாம். கலை வரலாற்றாசிரியர்கள் பலர் அப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள். ஆனால் நையாண்டிக்குள் நம்பிக்கையும் இருந்தது. ஈகுச்சி துறைமுகத்துக் கணிகை ஒருத்தி உண்மையில் சமந்தபத்திர போதிசத்துவர், வெள்ளை யானை மேல் ஏறி வானில் மறைந்தார் என்ற நோ நாடகத்தை மக்கள் சிரித்துக்கொண்டு பார்க்கவில்லை. மாதவி மகளைத் துறவியாக்கிய காப்பியத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் புரியும். ஆசையின் சந்தையில் நிற்பவளுக்குத்தான் ஆசையின் பொய் முதலில் தெரிகிறது.

இந்தத் தர்க்கத்துக்கு நவீன காலத்தில் முழு வடிவம் கொடுத்தவர் குகி ஷூஸோ. 1888-இல் பிறந்தவர், ஐரோப்பாவில் எட்டு ஆண்டுகள் இருந்து ஹுஸ்ஸர்ல், ஹைடெக்கர் போன்றோரிடம் பயின்று, திரும்பிக் கியோட்டோவில் தத்துவம் கற்பித்தவர். எடோ நகரத்து நாகரிகத்தின் மனப்பாங்கைப் பற்றி 1930-இல் அவர் வெளியிட்ட சிறிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. 'இக்கி' என்று அவர்கள் சொன்ன அந்த நேர்த்தியில் மூன்று இழைகள் பின்னியிருக்கின்றன என்றார். ஈர்ப்பு ஒன்று. பணத்துக்கு மசியாத செருக்கு இன்னொன்று. அது சாமுராய் ஒழுக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது, விதியை அறிந்து கைவிடும் பற்றின்மை. அது பௌத்தம் தந்தது. ஈர்ப்பு தன் இலக்கை அடைந்துவிட்டால் செத்துப்போகும். அடையாமல் அருகிலேயே நிற்கும்வரைதான் அது உயிரோடிருக்கும் என்பது அவர் கருத்து. அப்படியானால் துறவும் காமமும் எதிரிகள் அல்ல, ஒரே பார்வைக்குள் குடியிருக்கலாம்.

சான்றுக்கு அவர் கோயிலுக்குப் போகவில்லை. அச்சுப் படங்களுக்குத்தான் போனார். நெடுக்குக் கோடு போட்ட துணி, மெலிந்த உடல், லேசான ஒப்பனை, வெறுங்கால். வெறுங்கால் என்றதும் பனிப்படங்களை மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றும். உயர்ந்த கணிகையரும் ஃபுககாவா பகுதிக் கெய்ஷாக்களும் குளிர்காலத்திலும் காலுறை அணிந்ததில்லை; அதுவே அவர்களுடைய பெருமையாக இருந்தது. படத்தில் தோளிலிருந்து கணுக்கால் வரை பட்டுக்கு மேல் பட்டாக ஐந்தாறு அடுக்கு. அதற்குக் கீழே, கறுப்பு அரக்கு பூசிய பாதக்குறட்டின் மேல் ஐந்து விரலும் வெளியே தெரியும் வெறும் பாதம். குறட்டின் பற்களுக்கிடையில் பனி அடைத்துக்கொள்ளும்; நடக்க முடியாது. நின்று, யாருடைய தோளையாவது பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக் காட்ட, தோழியோ சிறுமியோ குனிந்து தட்டிவிடும் காட்சி ஓவியர்களுக்கு அலுக்கவே இல்லை.

குகியின் விளக்கம் அழகானது, பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் அந்தப் பற்றின்மை யாருடையது என்ற கேள்வியை அவர் மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார். வந்துபோகும் வாடிக்கையாளனுக்கு அது ரசனை. ஏழெட்டு வயதில் பெற்றோர் கடனுக்காக விற்கப்பட்டு, உடை, மருந்து, சாப்பாடு எல்லாம் கணக்கில் ஏறக் கடன் குறையாமல் இருக்கும் பெண்ணுக்கு அது வேறு வழியின்மை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது தத்துவத்துக்கு வசதி, அவளுக்கு அல்ல. குகிக்கு இது தெரியாததும் அல்ல. அவருடைய தாயே கெய்ஷாவாக இருந்தவர். ஒரு பிரபுவை மணந்து, கலை அறிஞர் ஒகாகுரா காகுஸோவோடு ஏற்பட்ட உறவால் மணவாழ்க்கை முறிந்து, மனநோயாளியாகப் பல ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்து, மகனின் நூல் வந்த மறு ஆண்டு இறந்தார்.

யோஷிவாராவுக்கு அருகே மினோவாவில் ஜோகன்ஜி என்று ஒரு கோயில் உண்டு. கேட்க ஆளில்லாமல் இறந்த பெண்களை வைக்கோல் பாயில் சுற்றி இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே ஊர் அதை எறிந்துவிடும் கோயில் என்றது. 1855 நிலநடுக்கத்தில் இறந்தவர்களும் அங்கேதான். சுமார் 25,000 பெண்கள் என்று கணக்கிடுகிறார்கள். பதிவேட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே வாழ்ந்தவர்கள்.

ஜோகன்ஜியும் ஹசுய் வரைந்த ஸோஜோஜியும் ஒரே மரபைச் சேர்ந்தவை: ஹோனென் நிறுவிய தூய நில மரபு. ஹோனென் இந்த வழக்கில் நேரடியாகவே தீர்ப்புச் சொன்னவர். 1207-இல் அவரை நாடு கடத்தி ஷிகோகு தீவுக்கு அனுப்பினார்கள். வழியில் முரோ துறைமுகத்தில் படகுக் கணிகை ஒருத்தி அவர் படகை நெருங்கி, இந்தப் பிழைப்பில் இருக்கும் எனக்குக் கதி என்ன என்று கேட்டாளாம். வேறு பிழைப்பு இருக்குமானால் இதை இன்றே விடு. இல்லையானால் இருக்கிறபடியே இருந்து அமிதாபரின் பெயரைச் சொல், அவர் உன் போன்றவர்களுக்காகவே சபதம் செய்தவர் என்பது அவர் சொன்னதன் சாரம். கியோட்டோவின் சியோன்-இன் கோயிலில் இருக்கும் 48 சுருள்கள் கொண்ட அவருடைய சித்திர வரலாற்றில் இந்தச் சந்திப்பு வரையப்பட்டிருக்கிறது. ஈகுச்சி நாடகம் போல அவளை போதிசத்துவராக்கவில்லை. கொக்குப் பெண் நடனம் போல நரகத்துக்கும் அனுப்பவில்லை. முதலில் பிழைப்பைக் கேட்டார். அவளைச் சின்னமாக்காமல் ஆளாகப் பார்த்த பதில் இது.

ஹோனெனின் காலத்தைச் சேர்ந்த இன்னொரு பெண்ணை வரைந்த பனிப்படங்களும் உண்டு. இந்த விவாதம் முழுவதையும் அவை சங்கடத்தில் மாட்டிவிடுகின்றன. டோகிவா. அரண்மனைப் பணிப்பெண்களில் பேரழகி என்று கதைகள் சொல்லும். 1160-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவள் கணவர் மினமோட்டோ யோஷிடோமோ போரில் தோற்றுக் கொல்லப்பட்டார். மூன்று ஆண்பிள்ளைகளோடு அவள் பனியில் தப்பி ஓடினாள். குனியோஷி முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தது அந்த ஓட்டத்தைத்தான்: அகன்ற தொப்பி, மார்புக்குள் ஒளித்த கைக்குழந்தை, ஆடையைப் பற்றிக்கொண்டு தடுமாறும் இரண்டு சிறுவர்கள்.

எதிரி டைரா கியோமோரி அவளுடைய தாயைப் பிடித்து வைத்துக்கொண்டார். டோகிவா தானாகவே வந்து சரணடைந்தாள். அவள் அழகில் மயங்கிய கியோமோரி அவளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கொல்லாமல் விட்டார் என்பது கதை. ஸோஜோஜியின் வாயில் முதலில் களையச் சொல்லும் நஞ்சு அவரிடம் இல்லாதிருந்தால், மூன்று சிறுவர்களும் வாளுக்கு இரையாகியிருப்பார்கள். குல வஞ்சம் தீர்க்க மாட்டார்கள் என்று உறுதி செய்துகொள்ள மூவரையும் பௌத்தக் கோயில்களில் துறவு வாழ்க்கைக்கு ஒப்படைத்தார். மூத்தவர்கள் இருவரும் துறவாடை பூண்டார்கள். கைக்குழந்தையாகப் பனியைக் கடந்த உஷிவாகா மட்டும் குராமா மலைக் கோயிலில் ஓதுவதில் மனம் ஒட்டாமல் தப்பி ஓடி, யோஷிட்சுனே என்ற பெயரில் படைத்தலைவனானான். 1185-இல் டான்-நோ-உரா கடற்போரில் கியோமோரியின் குலத்தை அலைக்கடியில் அனுப்பியது அவன் நடத்திய படைதான்.